சரக்குப் பிளேனில் போன மகன்

செம்மநத்தத்திலிருந்து ஏற்காடு வரும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்தவர் நிதானமாகச் சொன்னார்:

"பிளேன் உழுந்த பொறவுதானுங்க எம் பையன் என்ன வேலை பாக்கறான்னே எனக்குத் தெரிஞ்சுது."

"ஏனுங்க, வெளிநாட்டுல குடோன் வேலைன்னுதானே சொன்னீங்க?"

"அவன் அப்படித்தான் சொல்லி வெச்சிருந்தான். பிளேன்ல அங்க போனதோட சரி, இனிப் பறக்கற வேலையே வேண்டாம்னு சத்தியம் வாங்கியிருந்தேனுங்க. ஆனா சரக்குப் பிளேன்ல, சரக்குக்குத் துணையாப் பறந்துக்கிட்டே இருந்திருக்கறான்."

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"ஆஸ்பத்திரியிலருந்து போன் பண்ணி, மேலருந்து உழுந்து கை ஒடிஞ்சுருச்சுன்னான். எங்கடா உழுந்தேன்னா, மலையிலங்கறான். குடோனுக்குள்ள ஏதுடா மலைன்னு கேட்டேன். அப்பறம் அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னான். கிளம்புன கொஞ்ச நேரத்துல பிளேன் மலையில மோதிருச்சாம். ஏத்துன சரக்கு பூரா மெத்தைங்க. அதுல சாஞ்சிருந்ததால இவன் கை ஒடிஞ்சதோட தப்பிச்சான். ஓட்டுன ரெண்டு பேருக்கும் அடி, உசுருக்கு ஒண்ணுமில்லீங்க."

"சாமி காப்பாத்துச்சுங்க. இனி ஊட்டுக்கு வந்தர்றானுங்களா?"

"வரணும்னு நொம்ப ஆசைங்க. பிளேன்ல ஏறத்தான் பயமாம். கப்பல் கிடைக்குமான்னு கேக்கறான். அதுதான் நானே போயிக் கூட்டியாரலாம்னு, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போறேன்."

பக்கத்திலிருந்தவர், "உங்களுக்குப் பயமில்லீங்களா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க. கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கிட்டே போயிருவேன். இந்த பஸ்ஸுலயும் அப்படித்தானே வர்றேன்."

டிரைவர் கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த வளைவில் வேகத்தைக் குறைத்தார்.