தட்டு ஓரத்து மிளகுத்தூள்

ஹலோ… ஆங், அக்காதான்டா. வந்துச்சு, முட்டை போட்டோ வந்துச்சு, பாத்தேன். அதுக்குத்தான் தையல் மிஷினை அப்படியே போட்டுட்டு மாடிப்படில வந்து நின்னு பேசறேன்… இரு, மொதல்ல இதைச் சொல்லு. இன்னைக்கு அப்பாவுக்குக் குடுத்த முட்டைதானா அது?… சத்தியமா?… சரி. தட்டு ஓரத்துல மிளகுத்தூள் கொட்டியிருக்கே, நேத்து போட்டோலயும் அதே எடம், முந்தாநாளும் அதே எடம். அதென்ன, தட்டோடயே ஒட்டிப் பொறந்ததா?

… பேசு. வாய்ல என்ன, முட்டையா அடைச்சு வச்சிருக்க?

… ம்… ம்… ஓஹோ. ஒரே ஒரு தடவை நல்லா வேகவச்சு, ரெண்டா வெட்டி, படம் புடிச்சு வச்சுக்கிட்டு, அதையே தெனமும் எனக்கு அனுப்பிட்டிருக்க. அவருக்கு மட்டும் அரைவேக்காடு. அடப்பாவி! யாரு குடுத்த யோசனைடா இது?… அப்பாவா? நல்லா இருக்குடா, அப்பனும் புள்ளையும் கூட்டுக் களவாணி!

… கழுவினியா? என்னத்தக் கழுவின?… டேய், முட்டை ஓட்டை எவ்வளவு தேய்ச்சாலும் உள்ள இருக்கிற கிருமி எப்படிடா போகும்? வேகணும், வெந்தாதான் சாகும். நமக்குன்னா வயித்தால போய்ட்டு சரியாயிடும். அவருக்குக் கீமோ போட்டு வெள்ளை அணு சுத்தமா எறங்கிக் கெடக்கு. எதிர்த்து நிக்க உள்ள ஆளே இல்ல. மஞ்சக்கரு கெட்டியாகணும், ஓடவே கூடாதுன்னு டாக்டர் உன்னை உக்காரவச்சுச் சொன்னாரா இல்லையா? மண்டைய மண்டைய ஆட்டினியே!

… எந்த வீடியோ?… பச்சை முட்டை குடிச்சா பலமா? சொன்னவன் பயில்வான்டா! நம்ம அப்பா சட்டை போட்டா, சட்டை மட்டும்தான் தெரியுது… முட்டையே ஆகாதுன்னு நான் எங்கடா சொன்னேன்? தாராளமா குடு, மஞ்சக்கருவோட குடு. வெந்ததாக் குடுன்னுதான் தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன்.

… இருடா. இதோ வந்துட்டேங்கக்கா, சூப்பர்வைசர்கிட்ட வீட்டுப் போன்னு சொல்லிடுங்க!… ஆங், சொல்லு.

… தெரியும்டா… தெரியும், தொண்டையெல்லாம் புண்ணு… ம்… கெட்டியா இருந்தா மாவா ஒட்டிக்குது, தட்டைத் தள்ளிடறார்… ஒழுகற மாதிரி குடுத்தாதான் வழிச்சுச் சாப்பிடறார்… ஆமா. அவர் ஒரு வாய் சாப்பிடறதைப் பாக்க உனக்கு… சரிடா, புரியுது. எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஆனா வெந்ததை நல்லா நசுக்கி, சூடா சூப்புல கரைச்சுக் குடுத்திருக்கலாமில்ல? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? போட்டோ எடுக்கத் தோணிச்சு, அது தோணல.

சரி, இப்ப எங்க அவரு?… போத்திட்டுப் படுத்திருக்காரா? இந்த வெயில்லயா?… குளிருதுன்னாரா! எப்பலேருந்து?… டேய், நெத்தியத் தொட்டுப் பாரு… அவர் தூங்கினா தூங்கட்டும், தொட்டுப் பாருன்னா பாரு…

சுடுதா.

… ஐயோ… இல்ல, மாத்திரை எதுவும் குடுக்காத. ஒண்ணும் குடுக்காத. முட்டையாலதானான்னு என்னைக் கேட்டா? எனக்கு எப்படிடா தெரியும்? எதனால வந்தாலும் சரி, காய்ச்சல்னா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வரணும்னு சொல்லியிருக்காங்க. சாயங்காலம் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்ங்கிற பேச்சே கெடையாது. ஆட்டோ கூப்பிடு. கீமோ நடக்குதுன்னு உள்ள போனதுமே சொல்லிடு… அழாத. இப்ப அழுதே, வந்து அறைவேன்… என்னது, வரமாட்டேங்கறாரா? போனை அவர் காதுல வை.

அப்பா… ஆமாப்பா, நான்தான்… இல்லப்பா, அவனைத் திட்டல, சும்மா பேசிட்டிருந்தோம்… சரி, திட்டினேன். நல்லாவே திட்டினேன். கெளம்புங்கப்பா… ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க… அப்பா, எனக்குப் பயமா இருக்குப்பா…

என்ன?… இந்த நெலமைலயும் பேரமா? சரி. சரிப்பா. அணு ஏறட்டும், டாக்டர் சரின்னு சொல்லட்டும், நானே என் கையால அரைவேக்காடு போட்டுத் தரேன். மஞ்சக்கரு தட்டுல ஓடும், நீங்க வழிச்சு வழிச்சுச் சாப்பிடுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். போதுமா?… போதுமாப்பா?… அப்பா?… அப்பா! ஹலோ! ஏதாவது பேசுங்கப்பா!

… நீயாடா? அவரு எங்க? போனை ஏன் கீழ போட்டாரு?… என்னது?… செருப்பு மாட்டிக்கிட்டாரா?… வாசலுக்கே போயிட்டாரா?

அப்ப நீ எதுக்குடா இன்னும் போனைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற? ஓடு, கையப் புடிச்சு ஏத்து! நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். வை… வைடா!