சிலுவை இல்லாத கையெழுத்து

ஸ்டெல்லா: ...இல்லடா பெலிக்ஸ். பேனாவை மூடு.

பெலிக்ஸ்: இன்னாக்கா நீ... பத்தரைக்கு ஜட்ஜ் வந்துடுவாரு. பதில் மனு போட இன்னிக்குதான் கடைசி. வக்கீலம்மா தலைபாடா அடிச்சுக்கினாங்க.

ஸ்டெல்லா: தெரியுது.

பெலிக்ஸ்: தெரிஞ்சும் இப்பிடி கோர்ட் வாசல்ல உக்காந்துக்கினு... பதில் போடலன்னா கடன் குடுத்த தேவேந்திரன் கேட்டா மாதிரியே நிலத்தை ஜப்தி பண்ணிடுவாங்க. சிங்கவரத்துல நைனா நமக்கு வுட்டுட்டுப் போனதே அந்த அறுபது சென்ட்டுதான். மல்லாட்டைச் செடி வேற புடுங்கற பருவம்.

ஸ்டெல்லா: அதுல இன்னா எழுதி இருக்குது... இன்னொரு தபா படி.

பெலிக்ஸ்: "புரோநோட்டில் உள்ள கையெழுத்து காலஞ்சென்ற எங்கள் தகப்பனார் இருதயநாதனுடையது அல்ல. அது போலி." அவ்ளோதான். ரேஷன் கடைன்னாலும் பேங்க்குன்னாலும், நைனா பேருக்கு மேல குட்டியா ஒரு சிலுவை போட்டுட்டுதான் கையெழுத்தே போடுவாரு. நோட்டுல அது இல்ல. இதை வச்சே அடிச்சுடலாமாம்.

ஸ்டெல்லா: அப்ப தேவேந்திரன் அண்ணன் பொய்க் கையெழுத்து போட்டாருன்னு ஆவுது.

பெலிக்ஸ்: ஆவட்டும்.

ஸ்டெல்லா: நீ பைக்லேந்து வுழுந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில கெடந்தப்ப, கேட்ட அன்னிக்கே ரெண்டு லட்சத்தை எடுத்துக்கினு வந்தவருடா அவரு. நிலம் நைனா பேருல இருக்குது, அவரு கையெழுத்துதான் வேணும்னாரு. நைனாவுக்கு வாதம் வந்து வலது கை வுழுந்துட்டுச்சு. அதை சொன்னா குடுக்க மாட்டாருன்னு பயம். உள்ள போயி வாங்கினு வரேன்னு நோட்டை எடுத்துக்கினு போனேன்...

பெலிக்ஸ்: அக்கா, மெதுவா. ஆளுங்க இருக்காங்க.

ஸ்டெல்லா: நான்தான்டா போட்டேன். நைனா படுத்துக்கினே பார்த்தாரு. சுழி, புள்ளி எல்லாம் அவருது மாதிரியே வந்துச்சு. சிலுவை மட்டும்... பொய்க்கு மேல அதைப் போட எனக்குக் கை வரல.

பெலிக்ஸ்: ...

ஸ்டெல்லா: இன்னாடா ஒண்ணும் கேக்க மாட்டன்ற... இவ்ளோ சொல்றேன், ஏன்னு கூட கேக்கல.

பெலிக்ஸ்: தெரியும்க்கா. நைனா போறதுக்கு மொத நாளு, வாய் கொழறினே சொன்னாரு. "அவ போட்டது என் கையெழுத்துதான்டா. அது என் கடன், கட்டிடு"ன்னாரு. நிலம் போயிடுமேன்னு... நான்தான் உன்கிட்ட வாயத் தொறக்கல.