லில்லிச் செடிக்குக் கிராப்பு

ஐயையோ, அந்தக் கத்திரிய முதல்ல கீழ வைம்மா! அப்பாவுக்குத் தப்பாமப் பொறந்திருக்க போ. அத அப்படிக் குறுக்க வெட்டக் கூடாது. நான்தான், பக்கத்து வீட்டு ஆன்ட்டி. கேட்டு தொறந்து கெடந்துச்சா, வந்துட்டேன்.

தெரியும்மா, அப்பா சொன்னாரு. நாளைக்குக் காலையில வண்டி வருது, அவர உன்கூடவே கூட்டிட்டுப் போற, இந்த வீட்ட வாடகைக்கு விடப் போற. வர்றவங்க கண்ணுக்கு லட்சணமா இருக்கட்டும்னு செடிய வெட்ட எறங்கிட்ட. நல்ல எண்ணந்தான். ஆனா இது என்ன வேலிச் செடியா, மேல மட்டமா ஒரு சீவு சீவி விட? லில்லிம்மா. இலை நாக்கு நாக்கா நீளமா வருதுல்ல, அத பாதியில வெட்டினா வெட்டின எடம் காஞ்சு பழுப்பாப் போயிடும். அப்புறம் மாசக்கணக்குல பார்க்கவே சகிக்காது.

அட, எனக்கென்ன தெரியும்? நான் பார்லர்காரி, தலைமுடி வெட்டத்தான் தெரியும். இதெல்லாம் உங்கம்மா சொல்லிக் குடுத்தது. அவ இங்க குந்தி பழுத்த இலைய உருவிக்கிட்டே இருப்பா, நான் செவுத்துக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கிட்டே ஊர்வம்பு பேசுவேன். உன்னப் பத்தியும்தான் பேசுவோம், பின்ன?

அவ போனதுக்கப்புறம் ஒரு நாள் காலையில சரக்கு சரக்குன்னு சத்தம். எட்டிப் பார்த்தா, உங்கப்பா! ஆயுசு பூரா கட்டடம் கட்டின மனுஷனா, சும்மா வெட்டுவாரா? இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் கட்டி, மட்டம் பார்த்து, வரிசைச் செடி அத்தனையையும் ஒரே ஒசரத்துக்கு வெட்டித் தள்ளிட்டாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். என்ன சார், பள்ளிக்கூடத்துப் பையனுக்குக் கிராப்பு அடிக்கறீங்களான்னு கத்திட்டேன். மனுஷன் கத்திரிய கீழ வச்சாரு. அப்புறம் சொல்றாரு, காடு மாதிரி மண்டிக் கெடக்குதும்மா, அவ பார்த்தா திட்டுவாளேன்னுதான் வெட்டினேன்னு. சொல்லிட்டு அழுதுட்டாரு. நானும் அழுதேன், பொய் சொல்லுவானேன்.

அதுக்கப்புறம் செவ்வாய்க்கிழமைன்னா, பார்லர் லீவுல்ல, நான் இங்க வந்துடுவேன். நான் சொல்லச் சொல்ல அவரு உருவுவாரு. நடுவுல காபி போட்டுக் கொண்டாருவாரு பாரு, வாயில வைக்க முடியாது, கஷாயந்தான். குடிச்சுத் தொலைப்பேன். இப்பப் பாரு செடிய, எப்படிக் கொழுகொழுன்னு நிக்குது.

சரி, கையக் குடு, காட்டறேன். கையுறைய மாட்டிக்க, சாறு பட்டா சிலருக்கு அரிக்கும். வெளிச்சுத்துல மஞ்சளா ஒண்ணு தொங்குதா? அடியோட புடிச்சு பக்கவாட்டுல ஒரு இழு. வந்துடுச்சா, அவ்ளோதான். அடுத்தது… வரலையா? விட்டுடு, அதுல இன்னும் உசுரு இருக்கு. நடுவுல வர்ற குருத்த மட்டும் கிள்ளிடாத. ஆங், அப்படித்தான். வருதே உனக்கு!

என்ன கேட்ட? அப்பா பெட்டி கட்டிட்டாரான்னா? எங்க கட்டினாரு! நேத்துலேருந்து ஒரே சட்டைய மடிக்கறாரு, பிரிக்கறாரு, மறுபடி மடிக்கறாரு. இல்லம்மா, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்காரு. உன்கூட வரப் பிடிக்காமலும் இல்ல. பேத்தின்னா உசுரு. போன்ல உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு தெனம் எடுப்பாரு. எடுத்து, சாப்பிட்டியா, பாப்பா தூங்கிட்டாளான்னு கேட்டுட்டு வச்சிடுவாரு. அவ்ளோ பயம், பெத்த பொண்ணுகிட்ட. அதான் கடைசியில என்னத் தள்ளி விட்டிருக்காரு.

அது ஒண்ணுமில்லம்மா. நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்.

அந்த இலைய விட்டுடும்மா, பச்சை இலை அது.

உங்கம்மா எடத்துல வந்து உக்காரணும்னு எனக்கு ஆசையில்ல. அவ எனக்கும் சிநேகிதிதான். எங்க வீட்டுக்காரரு போயும் ரொம்ப வருஷமாச்சு, ஒண்டியா இருந்து பழகிட்டேன்னுதான் நெனச்சேன். பழகலம்மா. நீ ஒரு வார்த்தை வேண்டாம்னா போதும், அவரு நாளைக்கு வாயத் தொறக்காம உன் வண்டியில ஏறி உக்காந்துடுவாரு. எனக்குத் தெரியும். அதான் இவ்ளோ நேரம் செடியப் பத்தியே வளவளன்னு பேசிக்கிட்டிருக்கேன். சித்தின்னெல்லாம் கூப்பிடச் சொல்லமாட்டேன், ஆன்ட்டின்னே கூப்பிடு, எனக்கு அதுவே போதும்.

ஏதாவது சொல்லும்மா. திட்டணும்னாலும் திட்டு, ஆனா கொஞ்சம் சத்தமாத் திட்டு. அந்த ஜன்னல் திரைக்குப் பின்னால மூச்சு விடாம நிக்கறாரு பாரு புது மாப்பிள்ளை, அவரு காதுலயும் விழட்டும்.