விமானத்தில் கிரிவலம்

பௌர்ணமிக்கு மறுநாள், வேங்கிக்காலில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"முட்டி வலி ஜாஸ்தி சார். அதான் கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற கேம்லயே கிரிவலம் போயிட்டேன்" என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

மீசைக்காரர் திரும்பினார். "அதுல வழி எப்படித் தெரியும்?"

"எட்டு லிங்கத்தையும் மேப்புல நானே புள்ளி வெச்சு ரூட் போட்டுட்டேன். மலை வலது கைப் பக்கந்தான்."

"செருப்பு போடக்கூடாதே!"

"மேல ஏறினதும் சக்கரத்த உள்ள மடக்கிட்டேன். வெறுங்கால்தான் சார்."

"நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. மீனம்பாக்கத்துல எறங்கறப்பதான் சக்கரத்த வெளிய விட மறந்துட்டேன். ரன்வே முழுக்க வயித்தாலயே தேய்ச்சுட்டுப் போச்சு."

மீசைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அங்கப்பிரதட்சணமும் ஆயிடுச்சுன்னு சொல்லுங்க."