வாசல் தெளித்த தண்ணீர்

தேவதானத்தில் எங்கள் வீட்டு வாசல் விடிவதற்குள் தெளித்துக் கோலம் போட்டாகிவிடும். மழை நாளில்கூட நான் விட்டதில்லை. ஐயா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மெக்கானிக் பிச்சை முகம்மதைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் ஒழுங்காக வேலை பார்க்காததால்தான் ஜீப் நடுவழியில் நின்று என் வீட்டுக்காரர் இறந்தார் என்று என் கொழுந்தன் எழுதிக் கொடுத்திருக்கிறார். பிச்சையை விட்டுவிடுங்கள். பாவம், பிள்ளைகுட்டிக்காரர்.

வீட்டுக்காரர் பெயர் சுந்தரபாண்டியன். சொல்ல இன்னமும் கூச்சமாக இருக்கிறது. பட்டாளத்தில் சுபேதார். கல்யாணமான நாளிலிருந்து லீவுக்கு வந்து போன மனுஷன். எண்பத்தேழில் ரிட்டையராகி வந்தபோது, இனி எனக்குத்தான் என்று நினைத்தேன். வந்த கையோடு ஏலத்தில் ஒரு டீசல் ஜீப் எடுத்தார். மாந்தோப்பு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சுற்றிவிட்டு இருட்டித்தான் வருவார்.

ராத்திரி ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்புவார். காலையில் மூடியைத் திறந்து பார்க்காமல் வண்டியைத் தொடமாட்டார். ஒருநாள் பார்த்தால் தண்ணீர் பாதிதான் இருந்தது.

"ஏன் கொறஞ்சுதுன்னு தெரியாம எடுக்கக் கூடாது. பொறவு காட்டுல நின்னா என்ன செய்ய?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று முழுக்க வீட்டில் இருந்தார். "ஏட்டி ஆவுடை, டீ போடு" என்பார். செத்த நேரம் கழித்து, "ஏட்டி, இன்னும் ரெண்டு பணியாரம் கொண்டா" என்பார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரேடியேட்டருக்கு அடியில் தண்ணீரை வடிக்கிற ஒரு குட்டிக் குழாய் லூசாகியிருந்தது. பிச்சை அதை முறுக்கும்போது நான் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றேன்.

பொறவு அந்தக் குழாயை நான் திறந்தேன். விடியுமுன் வாளியை அடியில் வைத்துப் பிடித்து, சாணியைக் கரைத்து, அந்தத் தண்ணீரையே வாசலில் தெளித்தேன்.

அந்த மாதங்களை எப்படிச் சொல்ல. வாசல் திருவிழா மாதிரி இருந்தது. பிச்சை ஹோஸை மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றித் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்தார், ஒரு குமிழ் வரவில்லை. தண்ணீர் கலந்தால் ஆயில் வெளுத்திருக்கும் என்று அதையும் தொட்டுப் பார்த்தார். அது கறுப்பாகவே இருந்தது.

"அக்கா, எம்புட்டுத் தண்ணிதான் குடிக்கும் இந்த வண்டி? ஒழுகுனா தரையில ஈரம் இருக்கணும்லா?" என்று கேட்பார்.

அவர் நின்ற இடமெல்லாம் ஈரம்தான் ஐயா. பொம்பளை தெளித்த வாசலை எந்த ஆம்பளை குனிந்து பார்ப்பான். நான் அடுப்படிக்கு ஓடிச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பேன்.

கடைசியில் எஞ்சினின் தலையையே கழற்றிக் கேஸ்கெட் மாற்றி, "இனி ஒரு சொட்டு கொறையாது அண்ணாச்சி, நான் பொறுப்பு" என்றார் பிச்சை. வீட்டுக்காரர் மறுபடி ஊர்சுற்றக் கிளம்பினார். நானும் பொறுத்துப் பார்த்தேன். வீடு வெறிச்சென்று கிடந்தது. வெள்ளிக்கிழமை விடியுமுன் வாளியை எடுத்தேன்.

கோலம் போட்டு முடித்தபோது உள்ளே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் காளிராஜ் ஓடிவந்து அவரை ஜீப்பில் ஏற்றினான். மூடியைத் திறந்து பார்க்கிறவர்தான் படுத்துவிட்டாரே. நான் பின்னால் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு பம்புசெட் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டியில் தண்ணீர் இல்லையென்று உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டிருப்பார். அப்புறம் அந்த வாசலில் அவர் உட்காரவே மாட்டார்.

சேத்தூர் தாண்டியதும் எஞ்சின் இறுகி நின்றது. காளிராஜ் லாரி பிடிக்க ரோட்டில் ஓடினான்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார் ஐயா. "எங்கேயும் போகாத ஆவுடை" என்றார். அந்த வார்த்தையை நான்தான் அவரிடம் ஒவ்வொரு லீவிலும் சொல்லியிருக்கிறேன். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. லாரி வந்து சேர்ந்தபோதும் அவர் பிடி தளரவில்லை, காளிராஜ்தான் விரல்களைப் பிரித்தெடுத்தான்.

குழாயைத் திறந்தது நான். அதில் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வண்டி ஓடியிருந்தால் பிழைத்திருப்பார், கையை விட்டிருப்பார்.