தண்ணீருக்கு அடங்காத நெருப்பு

பொரிக்கிற மணம் வீட்டுக்குள் ஏறக்கூடாது என்று கராஜுக்குள் இரண்டாவது அடுப்பு வைத்துக்கொள்வது கனடாவில் எங்கள் சனத்தின் வழக்கம். என் மருமகன் வாகீசனும் அஜக்ஸ் வீட்டில் அப்படித்தான் வைத்திருந்தார். நல்ல காஸ் அடுப்பு, பெரிய தாச்சி, பக்கத்தில் எனக்கென்று ஒரு கதிரை. மழையோ பனியோ, அவர் பொரிப்பார், நான் கதைத்துக்கொண்டிருப்பேன்.

நான் ஊரில் சரித்திரம் படிப்பித்தவன். இங்கே காவலாளி வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு நூலகமே கதி என்று கிடந்தேன். நடுக்காலப் போர்களில் நெருப்பை எப்படி ஆயுதமாக்கினார்கள் என்பதில் எனக்கு ஒரு பைத்தியம். முதியோர் சங்கத்தில் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். பாதிப் பேர் நித்திரை, மீதிப் பேர் தேத்தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிரேக்க நெருப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கப்பலிலிருந்து குழாய் வழியே பீச்சுவார்கள், கடலின் மேலேயே எரியும். அதன் சேர்மானம் இன்றைக்கும் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் எண்ணெய் நெருப்புக்குத் தண்ணீர் ஆகாது, மண்ணைக் கொட்டி மூடவேண்டும் என்பது அந்தக் காலத்துச் சாதாரணப் படைவீரனுக்கே தெரியும். சிலுவைப் போர்க்கால ஆக்கர் கோட்டை முற்றுகையில் ஒரு சங்கதி உண்டு. முற்றுகையிட்டவர்கள் தோல் போர்த்திய மரக் கோபுரங்களை மதிலடிக்குத் தள்ளிவந்தார்கள். கோட்டைக்குள் இருந்தவர்கள் எரியெண்ணெய் நிறைத்த பானைகளை நெருப்பில்லாமல் எறிந்தார்கள். கோபுரத்தில் நின்றவர்கள் அதைக் கேலி செய்து கூத்தாடினார்கள். பிறகு நெருப்போடு ஒரு பானை வந்தது.

இதைச் சொன்னபோது வாகீசன் சிரித்தார்.

"மாமா, உங்களுக்கு ஆக்களை எரிக்கிறதைத் தவிர வேறை கதை இல்லையோ?"

அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எனக்குப் பிடித்த மீனைத் தேடி வாங்கி வருவார்.

போன மாரியில் அவருக்கு மேற்கே வெகுதூரத்தில், கல்கரியில் வேலை கிடைத்தது. நான் அவர்களோடு இருந்த அஜக்ஸ் வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. நிலாணி என் ஒரே மகள். அவளுடைய தாய் போன பிறகு எனக்கென்று இருந்தது அவள்தான்.

"உங்களுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது, மாமா. இங்கை கிட்ட வெக்ஸ்போர்ட்டிலை உங்களுக்கு ஒரு அப்பார்ட்மென்ட் பாத்திருக்கிறன். தமிழ் ஆக்கள் கனபேர் இருக்கினம், பொழுது போகும்," என்றார் வாகீசன்.

நான் மகளைப் பார்த்தேன். "நீ என்ன சொல்லுறாய், பிள்ளை?"

"அவர் சொல்லுறதுதான் சரி, அப்பா."

நான் நில் என்றால் நின்ற பிள்ளை அவள். அந்தப் பதில் எனக்குச் சுட்டது. பிறகு கோபம் ஆறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பிரியாவிடை விருந்துக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தபோது வாகீசனுக்கு போன் வந்தது. "எண்ணெயை ஒருக்காப் பாருங்கோ, மாமா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பார்க்கச் சொன்னார், பார்த்தேன். எண்ணெய் மினுங்கியது, மெல்லப் புகைந்தது, பிறகு புகை தடித்தது. அடுப்பின் திருகு கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. அதை நான் தொடவில்லை. தாச்சியின் மூடியை மட்டும் எடுத்துக் கதிரைக்குப் பின்னால் வைத்துவிட்டு, எழுந்து கராஜ் வாசலுக்குப் போனேன்.

தீப் பிடித்ததும் வாகீசன் ஓடிவந்து காஸை நிறுத்தினார். பதறவில்லை. "மூடி எங்கை, மாமா?" என்று குனிந்து தேடினார். சத்தம் கேட்டு நிலாணி வீட்டுப்பக்கக் கதவைத் திறந்தாள். அந்தப் படியில் கிழங்கு கழுவ வைத்த தண்ணீர் வாளி நிறைய இருந்தது.

"அப்பா, என்ன செய்ய?"

முன்னால் நின்ற புருஷனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். அப்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

"தண்ணியை ஊத்து, பிள்ளை."

உரத்துக்கூடச் சொல்லவில்லை. "வேண்டாம்" என்று வாகீசன் நிமிர்வதற்குள் அவள் வாளியோடு வீசி ஊற்றிவிட்டாள். நெருப்பு கூரை வரை எழும்பி அவர் மேல் இறங்கியது. நான் நின்ற இடத்துக்கு வெக்கை மட்டும்தான் வந்தது. எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்.

வாகீசன் அந்த வாரமே ஆஸ்பத்திரியில் இறந்தார். நிலாணிக்குக் கைகள் இரண்டும் வெந்துபோயின.

விசாரிக்க வந்த அதிகாரியோடு ஒரு தமிழ்ப் பிள்ளை மொழிபெயர்க்க வந்திருந்தாள்.

"தண்ணி ஊத்தச் சொன்னது நீங்களோ, அங்கிள்? அக்கா அப்பிடித்தான் சொல்லுறா."

"எனக்கு ஞாபகமில்லை, பிள்ளை. அவள் சரியாப் பயந்துபோனாள்," என்றேன்.

அந்தப் பிள்ளை என் தோளைத் தடவிவிட்டுப் போனாள். விபத்து என்று முடித்துக்கொண்டார்கள். ஆகவே இதை நானாகத்தான் சொல்லவேண்டியிருக்கிறது: சொன்னது நான்தான், தெரிந்துதான் சொன்னேன், அவர் சாகவேண்டும் என்றுதான் சொன்னேன்.

இப்போது நிலாணி வெக்ஸ்போர்ட்டில் என்னோடு இருக்கிறாள். விரல்கள் மடங்குவதில்லை, அதனால் நான்தான் ஊட்டிவிடுகிறேன். நான் அப்படிச் சொன்னதாக அவள் இப்போது சொல்வதில்லை. சில நாட்களில் பாதிச் சாப்பாட்டில் அழத் தொடங்குவாள். "நான்தானே ஊத்தினன், அப்பா. நான்தானே அவரைக் கொன்றனான்," என்பாள்.

நான் கோபிப்பதில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, "நான் உன்னை எப்பவோ மன்னிச்சிட்டன், பிள்ளை," என்று சொல்லுவேன். அதைக் கேட்டால் இன்னும் இரண்டு வாய் சாப்பிடுவாள்.