யாருடைய வற்புறுத்தலும் இன்றி

விமானத்தில் மகளை ஏற்றாதது பற்றிய புகாரின் பேரில், 2023 நவம்பர் 20ஆம் நாள் காலை பதினொரு மணிக்கு, கள்ளக்குறிச்சியில் விசாரணை அலுவலர் முன்பு மனுதாரர் நேரில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் பெரியநாயகி. வயது 48. கணவர் பெயர் காசிநாதன். கச்சிராயபாளையத்தில் அணைக்குப் போகும் சாலையில் கதவு எண் 4/112இல் குடியிருக்கிறேன். தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்று வெள்ளிமலையில் ஆசிரியையாக இருக்கிறேன். என் கணவர் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிராம நிர்வாக அலுவலர். எங்களுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் திருமணமாகி போர்ட் பிளேரில் இருக்கிறாள். இளையவள் செல்லியம்மாள், வயது 12. செல்லி என்று கூப்பிடுவோம். அவளுக்கு ஆட்டிசம் இருப்பது மூன்றரை வயதில் தெரிந்தது. சில சொற்கள்தான் பேசுவாள். இதுவரை யாரையும் அடித்ததில்லை, கடித்ததில்லை.

ஜூலை மாதம் மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போவதற்கு ஆகஸ்ட் 12ஆம் தேதி சென்னையிலிருந்து புறப்படும் விமானத்தில் மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தோம். அதன் பிறகு நான் விமானப் பயண விதிகளைப் படித்தேன். ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஏற்ற மறுக்கக் கூடாது என்றும், பயணம் செய்யும் நிலையில் இல்லை என்று தோன்றினால் விமான நிலைய மருத்துவரைக் கேட்க வேண்டும் என்றும், மறுத்தால் காரணத்தை உடனே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. நான்கு நாள் முன்னதாகவே செல்லியின் நிலையைச் சொல்லி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு பணியாளர் எங்களைச் சந்தித்து, மற்றவர்களுக்கு முன்பாக ஏற்றி உட்காரவைப்பார் என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் விதிகளையும் அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பயணத்துக்கு முன் ஐந்து சனிக்கிழமைகள் அவளை வெள்ளிமலை பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பழக்கினேன். வளைவுகளில் ஏறும்போது காது அடைக்கும், விமானத்திலும் அப்படித்தான் இருக்கும் என்பதால் வாயில் புளிப்பு மிட்டாய் போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு துணி பெல்ட்டை இடுப்பில் கட்டி உட்காரவைத்தேன். கண்டக்டர் சின்னதுரை, “இன்னாங்க டீச்சர், ஏரோப்ளேனுக்கு எங்க வண்டியிலதான் டெஸ்டா?” என்று கேட்டுச் சிரித்தார். மூன்றாவது வாரத்திலிருந்து விசிலுக்குப் பதிலாக அவளையே “போலாம், ரைட்” சொல்லச் சொன்னார். அவள் சொன்னதும் டிரைவர் வண்டியை எடுப்பார். அவளும் காதைப் பொத்துவதை விட்டுவிட்டாள்.

12ஆம் தேதி விமானம் புறப்பட நான்கு மணி நேரம் முன்பே போய்விட்டோம். சொன்ன பணியாளர் யாரும் வரவில்லை. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் மின்னஞ்சலைக் காட்டினேன். விமானம் ஏறும் வாசலில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். வாசலில் இருந்தவர்கள் தங்களுக்குத் தகவல் இல்லை என்றார்கள். அதன் பிறகு விமானம் ஐம்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்து, வாசலையும் மாற்றினார்கள். புதிய வாசலில் எங்களை எல்லோருடனும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள், ஒலிபெருக்கி தலைக்கு மேலே இருந்தது. செல்லி தரையில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தைப் பார்த்து “போலாம், ரைட்” என்று சத்தமாகச் சொன்னாள். அது நகரவில்லை என்பதால் திரும்பத் திரும்பச் சொன்னாள். வரிசையில் இருந்த சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள்.

அதன் பிறகு பணி மேலாளர் ஒருவர் வந்தார். சட்டையில் பெயர்ப்பட்டை இருந்தது, அப்போது நான் படித்துவைக்கவில்லை. அவர் மரியாதையாகவே பேசினார். பாப்பாவுக்கு முகம் கழுவிக் கூட்டி வாருங்கள், உங்களைக் கடைசியாக அமைதியாக ஏற்றிவிடுகிறோம் என்று என்னிடம் சொன்னார். நான் நம்பிப் போனேன். கழிப்பறையிலும் அவள் நிறுத்தவில்லை. என் கையால் அவள் வாயைப் பொத்தினேன். இதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஏறத்தாழ பத்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது வாசல் மூடியிருந்தது. என் கணவர் மூன்று பைகளையும் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளைக்கு ஏற்றிவிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், விடு என்றார். மருத்துவர் யாரும் வந்து அவளைப் பார்க்கவில்லை. மறுப்பை எழுத்தில் கொடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் திரும்பி என் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அன்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் போனோம். மருத்துவர் சான்றும், உடன் இரண்டு உதவியாளர்களும் இருந்தால்தான் ஏற்ற முடியும் என்றார்கள். ஊருக்குத் திரும்பினோம்.

அதன் பிறகு நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். என் கணவர் அதை வாசித்து இரண்டு இடத்தில் பிழை திருத்தினார், வேறு எதுவும் சொல்லவில்லை. நாற்பத்தொரு நாள் கழித்துப் பதில் வந்தது. தாங்கள் மறுக்கவில்லை, தந்தையே கேட்டுக்கொண்டதால் பயணிகள் பட்டியலிலிருந்து நீக்கினோம், அதனால் மருத்துவரும் எழுத்து மறுப்பும் தேவைப்படவில்லை என்று இருந்தது. கூடவே ஒரு கடிதத்தின் நகல் இருந்தது. “என் மகள் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருப்பதால், சக பயணிகளின் பாதுகாப்பைக் கருதி, யாருடைய வற்புறுத்தலும் இன்றி எனது முழுச் சம்மதத்துடன் பயணத்தைக் கைவிடுகிறேன்.” கையெழுத்து என் கணவருடையது. நடையும் அவருடையதுதான். ஊரில் பலருக்கு அவர் எழுதிக்கொடுக்கும் மனுக்களும் வாக்குமூலங்களும் இப்படித்தான் முடியும்.

அன்று மாலை கடிதத்தை அவர் முன் வைத்தேன். “எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. ஒரு வரி எழுதிக் குடுத்தா நாளைக்கி ஏத்திடுறோம்னாங்க” என்றார். கட்டுப்படுத்த முடியாத என்ற சொல்லை எழுதச் சொன்னது மேலாளரா என்று கேட்டேன். இல்லை என்றார். “வெறுமனே ஒரு வரி எழுதுனா நிக்காது. காரணம் வலுவா இருக்கணும்னு நாந்தான் போட்டேன்” என்றார். அன்றிலிருந்து நான்கு முறை அதே பதிலைச் சொல்லியிருக்கிறார்.

விசாரணை அலுவலர் கேட்டதற்கு: இழப்பீடு கேட்கவில்லை. அந்தக் கடிதத்தை வைத்து என் மகள் பெயருக்கு எதிரே, மருத்துவர் சான்றும் இரண்டு உதவியாளர்களும் இன்றி ஏற்றக் கூடாது என்று நிறுவனம் போட்டிருக்கும் குறிப்பை நீக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அது இருக்கும்வரை அவள் அக்காவையும் குழந்தையையும் போய்ப் பார்க்க முடியாது. மின்னஞ்சல் அனுப்பியதும் உடன் செல்பவராகப் பதிவானதும் நான். என்னை அனுப்பிவிட்டு என் கணவரிடம் ஏன் கடிதம் வாங்கினார்கள் என்பதை நிறுவனம்தான் சொல்ல வேண்டும்.

மேலும் கேட்டதற்கு: செல்லி இப்போதும் சனிக்கிழமைகளில் வெள்ளிமலை பஸ்ஸில் வருகிறாள். “ரைட் சொல்லும்மா” என்று சின்னதுரை இரண்டு வாரம் கேட்டார். அவள் சொல்லவில்லை. இப்போது அவரே விசில் ஊதிக்கொள்கிறார்.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நானும் ஒருமுறை வாசித்தேன். அனைத்தும் உண்மை. முடிவில் எழுத்தர் “யாருடைய வற்புறுத்தலும் இன்றி” என்று சேர்த்து எழுத முற்பட்டார். வேண்டாம் என்று சொன்னேன். அந்தக் கடிதத்தை நீதான் எழுதச் சொன்னதாகச் சொல்லிவிடு, இல்லையென்றால் பொய்க் காரணம் எழுதிக் கொடுத்ததாக என் வேலைக்கே சிக்கல் வரும் என்று என் கணவர் நேற்றும் இன்று காலை பஸ் ஏறும் வரையிலும் என்னை வற்புறுத்தினார். அப்படி நான் சொல்லவில்லை.

(ஒப்பம்) கா. பெரியநாயகி